ரீமேப் பண்ண கார் பெட்ரோல் குடிக்குதா? எங்கேர்ந்து தேட ஆரம்பிக்கணும்

ரீமேப், அதாவது எஞ்சினை ஓட்டற கம்ப்யூட்டரோட (இசியு) ப்ரோக்ராமை மாத்தி எழுதறது, அதை போட்டு நாலஞ்சு மாசம் ஆகுது, பிக்கப் சூப்பரா இருக்கு, ஆனா லிட்டருக்கு 14 குடுத்துட்டு இருந்த வண்டி இப்ப 10, 11-க்கு வந்து நிக்குது. யார்கிட்ட கேட்டாலும் "பவர் வேணும்னா பெட்ரோல் போட்டுத்தாங்க ஆகணும்"னு ஒரே பதில். எனக்கும் அதேதான் சொன்னாங்க. நான் அதை நம்பி அஞ்சு மாசம் ஓட்டினேன், அந்த அஞ்சு மாசமும் வண்டியில நிஜமாவே ரெண்டு பழுது இருந்திருக்கு, ரெண்டும் சேர்த்து சரி பண்ண ஆன செலவு ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோல் காசு கூட இல்ல. புதுசா டியூனிங் பக்கம் வந்தவங்க யாரும் அந்த மாதிரி காசை கொட்டக்கூடாதுங்கறதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

என்னோடது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், டேரக்ட் இன்ஜெக்‌ஷன், ஸ்டேஜ் 1 (முதல் கட்ட) ரீமேப், அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு டவுன்பைப், அதாவது டர்போலேர்ந்து கீழ இறங்கற எக்ஸாஸ்ட் பைப், மாத்தினது. கோயம்புத்தூர்ல தினமும் ஆபீஸ் போய் வர ஓட்டற வண்டி. போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி சின்ன டர்போ வச்சிருக்கவங்களுக்கு அப்படியே பொருந்தும், பெரிய வண்டிக்கும் தேடற முறை இதேதான்.

முதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கணும்

இப்ப வர்ற பெட்ரோல் வண்டி எதுவா இருந்தாலும் சீரான வேகத்துல, ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சு போகும்போது இசியு கலவையை லாம்டா 1-ல வச்சிருக்கும். அதாவது உள்ள போற காத்துல பெட்ரோல் சரியா எரியற அளவு, கூடவும் இல்ல குறைவும் இல்ல. சைலன்சர் பைப்ல இருக்கற ஆக்சிஜன் சென்சார் பார்த்து சொல்லிக்கிட்டே இருக்கும், இசியு திருத்திக்கிட்டே இருக்கும். ஒழுங்கா எழுதின ரீமேப் இதுல கை வைக்காது. அது மாத்தறது எல்லாம் நீங்க நல்லா மிதிக்கும்போது வர்ற பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளற காத்தோட அழுத்தம்), டைமிங் (ஸ்பார்க் அடிக்கற நேரம்), அந்த நேரத்து கலவை. ஃபுல்லா மிதிச்சா லாம்டா 0.82 பக்கம் இறங்கும், அதாவது காத்துக்கு வேண்டியதை விட 20 சதவீதத்துக்கு மேல பெட்ரோல் போகும், அது எஞ்சினும் டர்போவும் சூட்டுல வெந்து போகாம இருக்கறதுக்கு. கம்பெனி மேப்லயும் அப்படித்தான்.

இதுலேர்ந்து வர்ற முடிவுதான் முக்கியம். ஹைவேல 80, 90-ல ஒரே சீரா போகும்போதே மைலேஜ் முன்னைக்கு இப்ப ரொம்ப குறைஞ்சிருந்தா அதுக்கு ஒழுங்கா எழுதின ரீமேப்பை காரணம் சொல்லவே முடியாது, எங்கயோ பழுது இருக்கு, இல்ல மேப்பையே தப்பா எழுதியிருக்காங்க, தேடணும். ஹைவேல பழைய மாதிரியே குடுத்து ஊருக்குள்ள மட்டும் குறையுதுன்னா அப்ப காலு, டிராஃபிக், மேப், இந்த பக்கம் பார்க்கணும். இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

அளக்காம எதையும் மாத்தாதீங்க

டேஷ்போர்டுல காட்டற மைலேஜை நம்பி முடிவு எடுக்கக்கூடாது, டியூன் பண்ண வண்டியில சுத்தமா கூடாது. அந்த நம்பர் இசியு "நான் இவ்ளோ பெட்ரோல் இன்ஜெக்டர் வழியா அனுப்பினேன்"னு தானே போடற கணக்கு. ரீமேப் எழுதின டியூனர் இன்ஜெக்டர் கணக்குல எதையாவது தொட்டிருந்தா, இல்ல பெரிய இன்ஜெக்டர் போட்டிருந்தா அந்தக் கணக்கே தப்பாயிரும், வண்டி உண்மையில 10 குடுக்கும், ஸ்கிரீன் 13 காட்டும்.

ஃபுல் டேங்க் டூ ஃபுல் டேங்க்தான் ஒரே வழி. ஒரே பங்க், முடிஞ்சா ஒரே நாசில், ஆட்டோ கட் ஆன உடனே நிறுத்திடுங்க, பங்க் அண்ணன் "ரவுண்ட் ஆக்கிடறேன் சார்"னு இன்னும் கொஞ்சம் ஊத்த வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க, குறைஞ்சது 300 கிமீ ஓட்டுங்க, திரும்ப அதே மாதிரி நிரப்புங்க. ஏன் 300-ன்னா, ஆட்டோ கட் ஒவ்வொரு தடவையும் அரை லிட்டர் முன்ன பின்ன விழும், 5 லிட்டர் போட்டு கணக்கு பார்த்தா அது 10 சதவீதம் தப்பு, 25 லிட்டர் போட்டு பார்த்தா 2 சதவீதம்தான். என்னோட முதல் கணக்கு 342 கிமீ, 31.1 லிட்டர், லிட்டருக்கு சரியா 11. ஸ்கிரீன்ல அப்ப 12.3 காட்டிக்கிட்டு இருந்துச்சு. இந்த மாதிரி மூணு டேங்க் எழுதி வச்சா உங்க ஸ்கிரீன் எவ்ளோ கூட்டி சொல்லுதுன்னு தெரிஞ்சிரும், அதுக்கப்புறம் அந்த வித்தியாசத்தை கழிச்சுக்கிட்டு அதையே சின்ன சின்ன டெஸ்டுக்கு உபயோகிக்கலாம்.

அடுத்து ஹைவே டெஸ்ட். நான் நீலாம்பூர்லேர்ந்து செங்கப்பள்ளி வரைக்கும் போய் அதே ரோட்டுல திரும்பி வருவேன், காலைல ஆறு மணிக்கு முன்னாடி, குரூஸ் கன்ட்ரோல் 85-ல, ஏசி ஒரே செட்டிங்ல. போய்ட்டு வர்றது ஏன்னா காத்தும் ஏத்த இறக்கமும் ரெண்டு பக்கமும் சமமாயிரும். கணியூர் டோல்ல நிக்கறது ரெண்டு பக்கமும் இருக்கு, அதனால அதுவும் கணக்குல சமம். வேகத்தை மட்டும் மாத்திடாதீங்க, 80-ல போறதுக்கும் 110-ல போறதுக்கும் காத்து தடுக்கற விசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, போன வாரம் 110-ல போனதையும் இந்த வாரம் 85-ல போனதையும் ஒப்பிட்டா ஒண்ணுமே புரியாது.

ஏஆர்ஏஐ நம்பரோட, அதாவது கம்பெனி சொல்ற டெஸ்ட் மைலேஜோட ஒப்பிட்டு மனசு கஷ்டப்படறவங்க நிறைய பேர். போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு 17.2-ன்னு போட்டிருந்தாங்க, அது லேப்ல ரோலர் மேல, ஏசி இல்லாம, 90-க்கு மேல போகாம எடுக்கறது. நீங்க ஒப்பிட வேண்டியது உங்க வண்டி ரீமேப்புக்கு முன்னாடி உங்க கையில குடுத்த மைலேஜோட. அது எழுதி வைக்கலைன்னா இப்பவாவது ஆரம்பிங்க.

எஞ்சினை தொடறதுக்கு முன்னாடி டயரும் பிரேக்கும்

டியூன் பண்றவங்க பாதி பேர் கூடவே டயரும் பெருசு பண்ணிடறோம். இது ரெண்டு விதமா அடிக்கும். ஒண்ணு உண்மையான நஷ்டம், அகலமான டயர், கனமான அலாய், ரெண்டும் பெட்ரோல் தின்னும். இன்னொண்ணு பொய்யான நஷ்டம், இதை யாரும் கவனிக்கறதே இல்ல. 185/60 ஆர்15 டயரோட மொத்த உயரம் 603 மிமீ. அதை கழட்டிட்டு 195/65 ஆர்15 போட்டா 634 மிமீ, 5 சதவீதம் பெருசு. வண்டி நிஜமா 105 கிமீ ஓடியிருக்கும், மீட்டர் 100-ன்னுதான் காட்டும். மைலேஜ் குறையவே இல்லாம உங்க கணக்குல மட்டும் 14 போய் 13.3 ஆயிரும். 195/60 போட்டா 2 சதவீதம்தான். மொபைல் ஜிபிஎஸ் வச்சு ஒரு 50 கிமீ ஓட்டிப் பார்த்தா உங்க மீட்டர் எவ்ளோ தப்புன்னு தெரிஞ்சிரும்.

காத்து செக் பண்ணுங்க, காலைல டயர் குளிர்ச்சியா இருக்கும்போது, டோர் பக்கத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுக்கு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா செய்யறது இல்ல.

பிரேக் ஜாம் ஆகறது இன்னொண்ணு. பிரேக் பேடை பிடிச்சிருக்கற காலிபரோட பின் காஞ்சு போச்சுன்னா பேட் டிஸ்க்கை விடாம லேசா பிடிச்சிக்கிட்டே இருக்கும், டர்போவோட டார்க் (இழுக்கற விசை) இருக்கறதால ஓட்டும்போது தெரியாது, டர்போ இல்லாத சின்ன எஞ்சினா இருந்தா அந்த இழுவை தெரிஞ்சிருக்கும். காலி ரோட்டுல ஒரு 10 கிமீ பிரேக்கே அதிகம் பிடிக்காம ஓட்டிட்டு, மெதுவா தானா நிக்கற மாதிரி நிறுத்தி, நாலு வீல் கிட்டயும் கையை கொண்டு போங்க, தொட வேண்டாம், பக்கத்துல வச்சாலே போதும். ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அங்கதான் பிரச்சினை.

ஸ்கேனர் வாங்குங்க

வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்டுல சொருகற ஓபிடி டாங்கிள் ஒண்ணும் மொபைல்ல ஒரு ஆப்பும் இருந்தா போதும். செக் எஞ்சின் லைட் எரியலன்னா பழுது இல்லன்னு அர்த்தம் இல்ல, பல டியூனர்ஸ் சில எரர் கோட்களை மேப்லயே அணைச்சு வச்சிருப்பாங்க, டவுன்பைப் மாத்தின வண்டியில இது சகஜம். அதனால லைவ் டேட்டாதான் பார்க்கணும். நிறைய இருக்கும், பயப்பட வேண்டாம், முதல்ல நாலே நாலு போதும்: கூலன்ட் டெம்பரேச்சர், ஷார்ட் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், இக்னிஷன் டைமிங்.

கூலன்ட் முதல்ல. நல்லா ஓடி சூடான எஞ்சின் பொதுவா 90 டிகிரி பக்கம் நிக்கணும். என் வண்டியில டிராஃபிக்ல 88, 90 காட்டுச்சு, சரின்னு விட்டுட்டேன். ஒரு நாள் ராத்திரி பைபாஸ்ல போகும்போது சும்மா ஸ்கிரீனை பார்த்தா 71. கொஞ்ச தூரம் போனா 69. சிக்னல்ல நின்னா மெதுவா 85 ஏறுது, திரும்ப காத்து அடிச்சா இறங்குது. கூலன்டை ரேடியேட்டருக்கு விடற வால்வான தெர்மோஸ்டாட் மூடாம திறந்தே மாட்டிக்கிச்சு, ரேடியேட்டர் எப்பவும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. டேஷ்போர்டுல பார்த்தா ஒண்ணுமே தெரியாது. எஞ்சின் முழு சூட்டுக்கு வராட்டி ஆயில் கெட்டியா இருக்கும், பெட்ரோல் சரியா ஆவியாகாது, காலைல வார்ம் அப்புக்காக கூடுதலா ஊத்தற நேரமும் நீண்டுக்கிட்டே போகும். பி0128-ன்னு ஒரு எரர் கோட் இதுக்குன்னே இருக்கு, என் வண்டியில அது வரவே இல்ல. அதனால கூலன்டை நிக்கும்போது மட்டும் பார்க்காதீங்க, ஹைவேல சீரா போகும்போது பக்கத்துல உக்காந்திருக்கறவங்களை பார்க்கச் சொல்லுங்க. ஓட்டிக்கிட்டே நீங்க ஸ்கிரீன் பார்க்க வேண்டாம், ஆப்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வீட்டுல வந்து பாருங்க.

இப்ப ஃப்யூயல் ட்ரிம். இதுதான் இந்த முழு வேலையோட உயிர், கொஞ்சம் பொறுமையா படிங்க.

இசியு கிட்ட ஒரு கணக்கு இருக்கு, இவ்ளோ காத்துக்கு இவ்ளோ பெட்ரோல்னு. ஆக்சிஜன் சென்சார் "பத்தல"ன்னு சொன்னா கூட்டும், "அதிகம்"னு சொன்னா குறைக்கும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் ட்ரிம். ஷார்ட் டெர்ம் அந்தந்த நொடிக்கு, லாங் டெர்ம் பழகி வச்சுக்கிட்டது. ரெண்டையும் கூட்டிப் பாருங்க. ப்ளஸ் மைனஸ் 5-க்குள்ள இருந்தா நிம்மதி. 10-ஐ தாண்டினா காரணம் தேடணும். ஐடில்ல (ஆக்சிலேட்டரை மிதிக்காம நிக்கும்போது) ஒரு தடவை, வண்டி நின்ன இடத்துலயே 2500 ஆர்பிஎம் வச்சு ஒரு தடவை, ஹைவேல ஒரு தடவை, மூணையும் எழுதிக்குங்க, ஏன்னா நம்பர் எவ்ளோங்கறதை விட அது எப்ப மாறுதுங்கறதுதான் கதை சொல்லும்.

எல்லா இடத்துலயும் மைனஸ்னா பெட்ரோல் எங்கேர்ந்தோ கூடுதலா வருது, இசியு குறைச்சுக்கிட்டு இருக்கு. ஒழுகற இன்ஜெக்டர், டேங்க்ல சேர்ற பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடற பர்ஜ் வால்வ் மூடாம இருக்கறது, இல்ல ஆயில்ல பெட்ரோல் கலந்து அந்த ஆவி திரும்ப உள்ள போறது. டிப்ஸ்டிக் எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை தூக்கலா அடிச்சா, ஆயில் லெவல் தானா ஏறியிருந்தா வண்டியை ஓட்டாம மெக்கானிக்கிட்ட போங்க, இது மைலேஜ் பிரச்சினை இல்ல, எஞ்சின் போற பிரச்சினை.

ஐடில்ல நார்மல், நல்லா மிதிக்கும்போது மட்டும் ப்ளஸ்ல ஏறுதுன்னா பெட்ரோல் பத்தல, பம்ப் இல்ல ஃபில்டர் பக்கம் பாருங்க. பூஸ்ட் ஏத்தின வண்டியில இதை தள்ளிப் போடக்கூடாது.

ஐடில்ல ப்ளஸ் அதிகம், ஆர்பிஎம் ஏத்தினா குறையுது. புக்ல படிச்சா வேக்கம் லீக்னு சொல்லும், காத்து அளக்காம திருட்டுத்தனமா உள்ள போகுது, அதுக்கு இசியு பெட்ரோல் கூட்டுது. உள்ள போற காத்தை நேரா அளக்கற எம்ஏஎஃப் சென்சார் வச்ச வண்டிக்கு அது சரி. என் வண்டியில எம்ஏஎஃப் கிடையாது, இன்டேக் மேனிஃபோல்டுல இருக்கற பிரஷரை வச்சுத்தான் காத்தை கணக்கு போடும், அதனால எங்கேர்ந்து காத்து வந்தாலும் அதுவும் கணக்குல வந்துரும், ட்ரிம் அவ்ளோ ஏறாது, ஐடில் ஆர்பிஎம்தான் தடுமாறும். ஆனா எனக்கு ஐடில்ல ப்ளஸ் 14, ஹைவேல ப்ளஸ் 8. அப்ப வேற என்ன?

அந்த கருப்பு கோடு

ஸ்பார்க் பிளக்கை கழட்டினேன். நாலும் மேட் கருப்பு, விரல்ல தேச்சா மை மாதிரி ஒட்டுது. சைலன்சர் வாய்க்குள்ளயும் அதே கரி. இதை யோசிச்சுப் பாருங்க, இசியு "பெட்ரோல் பத்தல, பத்தல"ன்னு 14 சதவீதம் கூட்டி ஊத்திக்கிட்டு இருக்கு, பிளக் "அதிகம், அதிகம்"னு கருப்பா இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியாது, யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. நிஜமாவே காத்து லீக்கா இருந்தா கூட்டின பெட்ரோல் அந்தக் காத்தோட சேர்ந்து எரிஞ்சு பிளக் நல்ல காப்பித்தூள் கலர்ல இருந்திருக்கும். கருப்பா இருக்குன்னா பொய் சொல்றது சென்சார்.

சென்சார் கெட்டுப் போச்சுன்னு புதுசு வாங்க கிளம்பிடாதீங்க, விலை அதிகம். சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். புகை அலை அலையாத்தான் வெளிய வரும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பைப்புக்குள்ள அழுத்தம் இறங்கற நொடியில வெளிக்காத்தை அந்த ஓட்டை வழியா உறிஞ்சும். சென்சாருக்கு அந்த ஆக்சிஜன் தெரியும், "ஐயோ காத்து மிஞ்சுது, பெட்ரோல் பத்தல"ன்னு இசியு கிட்ட சொல்லும், இசியுவும் நம்பி ஊத்தும். ஐடில்லயும் லேசா மிதிக்கும்போதும் இது அதிகம், புகை வேகமா போகும்போது குறையும். அதான் 14-ம் 8-ம்.

கண்டுபிடிக்கற வழி: காலைல எஞ்சின் முழுசா குளிர்ந்திருக்கும்போது, வெளியில திறந்த இடத்துல, பானட்டை தூக்கி வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. மூடின ஷெட்டுல பண்ணவே பண்ணாதீங்க, எக்ஸாஸ்ட் புகை ஆளை கொல்லும். முதல் ஒரு நிமிஷம் காதை கூர்மையா வச்சுக்குங்க. எனக்கு டர்போ பக்கத்துலேர்ந்து டிக் டிக் டிக்னு தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம், ஆர்பிஎம் கூட்டினா வேகமாகுது, ரெண்டு நிமிஷத்துல இரும்பு சூடாகி விரிஞ்ச உடனே காணாமப் போச்சு. இவ்ளோ நாள் அதை இன்ஜெக்டர் சத்தம்னு நினைச்சிருந்தேன், டேரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி இயல்பாவே கொஞ்சம் டிக்டிக்னு அடிக்கும்ல. கூட ஒருத்தர் இருந்தா கெட்டியான துணியை மடிச்சு சைலன்சர் வாயை லேசா, சில நொடி மட்டும் அடைக்கச் சொல்லுங்க, ஓட்டை இருந்தா உஸ்ஸுன்னு சத்தம் கூடும்.

எஞ்சினை ஆஃப் பண்ணி ஆற விட்டு, ஹீட் ஷீல்டை கழட்டி டார்ச் அடிச்சா, டர்போவும் டவுன்பைப்பும் சேர்ற இடத்துல, புகை ஒழுகாம நடுவுல வைக்கற கேஸ்கெட் ஓரத்துலேர்ந்து ஷீல்டு வரைக்கும் பென்சில்ல இழுத்த மாதிரி ஒரு கருப்பு கோடு. சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். டவுன்பைப் மாத்தும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்ப மாட்டியிருக்காங்க, நட்டு ஒண்ணு கையாலயே திருகற அளவுக்கு லூஸ். புது கேஸ்கெட், புது நட்டு, சரியான டார்க்ல இறுக்கினது, அவ்ளோதான். தெர்மோஸ்டாட்டும் அதே வாரம் மாத்தியாச்சு.

பெட்ரோலோட பங்கு

இந்தியால 2023-லேர்ந்து இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பிச்சு, இப்ப பங்க்ல சாதாரணமா கிடைக்கறதே அதுதான். எத்தனாலுக்கு லிட்டருக்கு சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி. அதனால இ10-லேர்ந்து இ20 மாறும்போது 3, 4 சதவீதம் மைலேஜ் குறையறது இயற்பியல், அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. 14 குடுத்தது 13.5 ஆகும். 14 குடுத்தது 10.5 ஆச்சுன்னா இ20 மேல பழி போட முடியாது.

ட்ரிம்லயும் இது தெரியும். சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காத்து வேணும், இ10-க்கு சுமார் 14.1, இ20-க்கு சுமார் 13.5. அதனால பழைய வண்டியில, எந்தப் பழுதும் இல்லாம, எல்லா ஆர்பிஎம்லயும் ஒரே மாதிரி ப்ளஸ் 4, 5 காட்டினா அது எத்தனால்தான், விட்டுடுங்க. எல்லா இடத்துலயும் சமமா இருக்காங்கறதுதான் அடையாளம்.

ஆக்டேன் வேற விஷயம், அது பெட்ரோல் நாக் வராம எவ்ளோ தாங்கும்ங்கற அளவு. உங்க மேப் எந்த ஆக்டேனுக்கு எழுதினதுன்னு டியூனர்கிட்ட கேளுங்க. அதைவிட கம்மியா போட்டா நாக் வரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி தானா வெடிக்கும், இசியு டைமிங்கை பின்னுக்கு இழுக்கும், அதே பெட்ரோல் எரிஞ்சும் தள்ளற விசை குறையும், அந்த சூடு எக்ஸாஸ்ட்ல போகும், அந்த சூட்டை தணிக்க இசியு இன்னும் பெட்ரோல் ஊத்தும். ரெண்டு பக்கமும் நஷ்டம். ஏற்றத்துல நடு ஆர்பிஎம்ல மிதிச்சு டைமிங்கை ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறம் மேப் கேக்கற 95 ஆக்டேனோ என்னவோ அதை ரெண்டு டேங்க் தொடர்ந்து போட்டு அதே ஏற்றத்துல திரும்ப பாருங்க. டைமிங் நாலஞ்சு டிகிரி முன்ன வந்தா பெட்ரோல்தான் காரணம்னு தெரிஞ்சிரும்.

பிளக், ஃபில்டர், ஹோஸ்

டியூனிங்கோட "ஒரு ஸ்டெப் கோல்டு" பிளக், அதாவது சூட்டை சீக்கிரம் கடத்திடற பிளக் போடறது வழக்கம். ட்ராக்ல ஓடற வண்டிக்கு அது வேணும், தினமும் அஞ்சு கிமீ ஆபீஸ் போற வண்டியில அது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கற சூட்டுக்கு வராம கரி பிடிச்சு மிஸ் அடிக்கும். மிஸ் ஆன ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் எரியாம வெளிய போகுது, புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வேகும். பிளக் முனையில இருக்கற இடைவெளி (கேப்) பெருசா இருந்தா பூஸ்ட்ல ஸ்பார்க் அணைஞ்சிரும், டியூனர் சொன்ன அளவை ஃபீலர் கேஜ் வச்சு நீங்களே பாருங்க, பெட்டியில எழுதியிருக்கறதை நம்பி அப்படியே மாட்டாதீங்க.

எண்ணெய் தடவற காட்டன் ஏர் ஃபில்டர் போட்டவங்க, கழுவின அப்புறம் எண்ணெயை அளவா தடவுங்க. அதிகமானா அது பறந்து போய் எம்ஏஎஃப் சென்சார்ல படியும், சென்சார் காத்தை தப்பா சொல்லும். எம்ஏஎஃப் கிளீனர் ஸ்ப்ரே தனியா விக்குது, அதை மட்டும் அடிங்க, கார்ப் கிளீனர் அடிச்சா சென்சார் காலி.

பூஸ்ட் ஹோஸ்ல லீக் இருந்தா டர்போ அதே பவருக்கு கூட உழைக்கும். மேப்ல கேட்ட பூஸ்டும் உண்மையில வந்த பூஸ்டும் ரெக்கார்ட்ல ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வருதான்னு பாருங்க, வரலைன்னா புகையை விட்டு ஓட்டையை கண்டுபிடிக்கற ஸ்மோக் டெஸ்ட் பண்ற ஒர்க்‌ஷாப்புக்கு போங்க. சோப்புத் தண்ணி தெளிச்சும் பார்க்கலாம், ஆனா ஐடில்ல பூஸ்டே இருக்காது, கம்ப்ரஸர்ல காத்து ஏத்தினாத்தான் குமிழி வரும்.

ஊருக்குள்ள மட்டும் குறையுதுன்னா

சின்ன கணக்கு ஒண்ணு. தினமும் 20 கிமீ, வண்டி உண்மையில 14 குடுக்குதுன்னு வைங்க, 1.4 லிட்டர் ஆகும். அதோட சிக்னல், டிராஃபிக்னு மொத்தமா அரை மணி நேரம் ஏசி போட்டு நிக்கறீங்க. நின்னுக்கிட்டே ஒரு மணிக்கு 0.8 லிட்டர் குடிச்சா அரை மணிக்கு 0.4. மொத்தம் 1.8 லிட்டர், லிட்டருக்கு 11 ஆயிருச்சு. ஒரு பழுதும் இல்ல. அவிநாசி ரோட்டுல மேம்பால வேலை நடந்த காலத்துல ஓட்டினவங்களுக்கு இது நல்லா புரியும்.

அப்புறம் பாப்ஸ் அண்ட் பேங்ஸ். கால் எடுத்த உடனே சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குதே, அது. சாதாரணமா கியர்ல இருக்கும்போது கால் எடுத்தா இசியு பெட்ரோலை முழுசா நிறுத்திரும், ஒரு சொட்டு போகாது, டவுன்ல மைலேஜ் தர்ற பெரிய உதவியே அதுதான். பாப்ஸ் மேப்ல பெட்ரோல் நிக்கற அந்த ஏற்பாட்டை எடுத்துட்டு, பெட்ரோலும் ஊத்தி, டைமிங்கை பின்னுக்கு தள்ளி எக்ஸாஸ்ட்ல எரிய விடறாங்க. பிரேக் பிடிக்க கால் எடுக்கற ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் போகுது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகி அடைச்சா எக்ஸாஸ்ட் மூச்சு முட்டி மைலேஜ் இன்னும் விழும். என் கருத்து கேட்டா, தினமும் ஓட்டற வண்டிக்கு இதை எடுத்துடச் சொல்லுங்க, இல்ல ஸ்போர்ட் மோடுல மட்டும் வர்ற மாதிரி கேளுங்க.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு கியர்பாக்ஸையும் டியூன் பண்ணியிருந்தா கியர் எப்ப மாறுதுன்னு பாருங்க. முன்ன 1800-ல மாறினது இப்ப 2500 வரைக்கும் இழுத்தா டவுன்ல அதுவே போதும் மைலேஜை இறக்க. கால் பத்தியும் சொல்லணும், புது பவர் வந்த முதல் சில மாசம் எல்லாருமே மிதிப்போம், அதுல தப்பே இல்ல, ஆனா அந்த மாசத்து மைலேஜை வச்சு பழுது தேட வேண்டாம். ரெண்டு டேங்க் பழைய மாதிரி ஓட்டிட்டு அப்புறம் அளந்து பாருங்க.

சரி பண்ற வரிசை

ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. மாத்தின அப்புறம் ஸ்கேனர்ல ஃப்யூயல் ட்ரிம் அடாப்டேஷனை ரீசெட் பண்ணுங்க, ஏன்னா பழைய ஓட்டைக்கு பழகின லாங் டெர்ம் நம்பரை இசியு ஞாபகம் வச்சிருக்கும், கொஞ்ச நாள் அதையே ஊத்தும். ஒரு 100 கிமீ டவுனும் ஹைவேயும் கலந்து ஓட்டி பழக விட்டு, அதுக்கு மேல ஒரு முழு டேங்க் எடுத்து கணக்கு போடுங்க.

எனக்கு தெர்மோஸ்டாட் மட்டும் மாத்தினதுல 11 போய் 11.7 வந்துச்சு. கேஸ்கெட் மாத்தி ரீசெட் பண்ணதும் ஐடில் ட்ரிம் ப்ளஸ் 14-லேர்ந்து ப்ளஸ் 4-க்கு இறங்குச்சு, அடுத்த டேங்க்ல 13.4. ரீமேப்புக்கு முன்னாடி 14 குடுத்த வண்டிக்கு, இ20-ஐயும் கணக்குல எடுத்தா, திரும்ப வர வேண்டியது எல்லாம் வந்துருச்சு. பவர் ஒரு குதிரை கூட குறையல.

இவ்ளோவும் பார்த்து எல்லாம் சரியா இருந்தும் ஹைவே மைலேஜ் வரலைன்னா அப்ப டியூனர்கிட்ட போங்க, ஆனா "மைலேஜ் வரலைங்க"ன்னு வெறும் வாயில சொல்லாதீங்க. மூணு டேங்க் கணக்கு, ஐடில், 2500, ஹைவே மூணு இடத்து ட்ரிம், 85-ல சீரா போகும்போது எடுத்த லாம்டா ரெக்கார்ட், இதை எடுத்துட்டு போங்க. அந்த ரெக்கார்ட்ல லாம்டா 1-ல நிக்காம 0.95, 0.9-ன்னு கிடந்தா மேப்தான் தப்பு, திருத்தி எழுதித் தரச் சொல்லி கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. ஒரிஜினல் கம்பெனி ஃபைலை ஒரு நாள் போட்டு அதே ரோட்டுல ஓட்டிப் பார்க்கவும் கேளுங்க, பெரும்பாலான டியூனர்ஸ் அதை சேவ் பண்ணி வச்சிருப்பாங்க.